ஈடிப்பசும் ஈசாக்கும்: உளவியலின் இரு மூலக்கதைகள்

ஓர் அறிவுத்துறை தன் அடிப்படைக் கருத்துகளுக்கு எக்கதையைத் துணையாகக் கொள்கின்றதோ, அக்கதை அத்துறை எழுப்பும் வினாக்களையும் பெரிதும் வரையறுத்துவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டு உளவியலின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்ட் பிறப்பால் யூதர். ஆயினும், மனித உள்ளத்தின் மூலச் சிக்கலுக்கு அவர் பெயர் கண்டது முன்னோரின் வேதநூலில் அன்று, கிரேக்கப் புராணத்திலேயாம்.

இத்தெரிவுக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. வியன்னாவில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்ற பிராய்ட், 1873இல் பாடசாலை இறுதித் தேர்வில் சோபோக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தார். 1897 ஒக்டோபரில் நண்பர் பிளீசுக்கு வரைந்த கடிதத்தில், தாய்மீது பற்றும் தந்தைமீது பொறாமையும் தம்மிடத்தும் இருந்தமையைக் கூறி, அதனை அந்நாடகத்தோடு இணைத்தார். 1899 இறுதியில் வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' அக்கருத்தை விரித்துரைத்தது. 'ஈடிப்பஸ் சிக்கல்' என்னும் தொடர் 1910இல் அச்சேறியது. புதிய துறை யூதருக்கே உரியதென ஒதுக்கப்படுமோ என்னும் அச்சமும் அவருக்கிருந்ததை, 1908இல் கார்ல் ஆபிரகாமுக்கு அவர் எழுதிய கடிதம் புலப்படுத்தும். ஐரோப்பியக் கற்றோர்க்குப் பொதுவான கிரேக்கக் கதை அவ்வச்சத்தைத் தணித்தது எனக் கருத இடமுண்டு. வேதநூல் அவருக்கு அந்நியமாயிருந்ததில்லை. அவரது 35ஆவது பிறந்தநாளில், 1891இல், தந்தை யாக்கோபு எபிரேய வாசகம் பொறித்துப் பரிசளித்தது குடும்ப வேதநூலையே.

இனி, பிராய்ட் அக்கதையை எவ்வாறு நோக்கினார் என்பதை ஆராய்தல் வேண்டும். மகன் தந்தையைக் கொன்றான் என்பதையே அவர் மையமாகக் கொண்டார். ஆனால், கதையின் தொடக்கத்தில் குழந்தையின் கால்களைப் பிணித்து, சாகும்படி மலையில் விடச் செய்தவன் தந்தை லாயஸ். முதற் குற்றம் தந்தையினது. இதனை 1953இல் ஜோர்ஜ் டெவரோ விரிவாக எடுத்துக்காட்டினார்.

மறுவருடம், 1954இல், மனமருத்துவர் எரிக் வெல்லிஷ் 'ஈசாக்கும் ஈடிப்பசும்' என்னும் நூலை வெளியிட்டார். ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் மகன்மீது கத்தியை ஓங்குகின்றான், ஆயினும் அக்கை தடுக்கப்படுகின்றது, ஆட்டுக்கடா பலியாகின்றது, மகன் வாழ்கின்றான். தந்தை மகன் பகைமைக்கு அழிவு ஒன்றே முடிவன்று, அன்பின் உடன்படிக்கையும் முடிவாகலாம் என வாதிட்ட வெல்லிஷ், உளவியல் வேதநூலையும் அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும் என்றார்.

இவ்வாதம் சிந்தனைக்குரியதெனினும், கிரேக்கம் அழிவின் மரபு, வேதநூல் மீட்பின் மரபு எனப் பிரித்தல் பொருந்தாது. நியாயாதிபதிகள் நூலில் யெப்தா தன் மகளைப் பலியிடுகையில் தடுப்பார் எவருமிலர். சவுல் மன்னன் தன் வாள்மீதே விழுந்து மாய்கின்றான். மறுபுறம், கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் 'ஒரெஸ்தெயா', தலைமுறைப் பழியை நீதிமன்றத் தீர்ப்பால் முடித்துவைக்கின்றது. பிராய்ட் எடுத்துக்கொண்டது கிரேக்க மரபு முழுவதையுமன்று, ஒரு நாடகத்தையே. வெல்லிஷ் முதன்மையாகப் பற்றிநின்றதும் ஓர் அதிகாரத்தையே.

தெரிந்த கதையின் வலிமையை பிராய்டின் இறுதி நூல்களுள் ஒன்று காட்டுகின்றது. நாசிகளுக்குத் தப்பி 1938இல் இலண்டன் சேர்ந்த அவர், 1939இல் 'மோசேயும் ஒருகடவுட் கொள்கையும்' என்னும் நூலை முழுமையாக வெளியிட்டார். மோசேயை அவன் வழிநடத்திய மக்களே கொன்றனர் என்பது அதன் துணிபு. 1922இல் ஏர்ன்ஸ்ட் செல்லின் முன்வைத்த ஊகம் அதற்கு ஆதாரமாயிற்று. உபாகமமோ மோசே மோவாப் நாட்டில் இறந்தான் என்று மட்டுமே கூறுகின்றது. தம் முன்னோரின் நூலுக்குத் திரும்பியபோதும் பிராய்ட் அங்கு கண்டது தந்தைக்கொலையையே.

இவ்வாராய்ச்சி பழங்கதைகளோடு அமைவதன்று. மகனின் ஆசையை மட்டும் வினவும் மருத்துவன், துன்புறுத்திய தந்தையைக் காணத் தவறலாம். இணக்கத்தை மட்டும் நாடுபவன், தடுக்கப்படாத கத்திகளை மறக்கலாம். இரு மரபுகளும் உளவியலுக்கு வினாக்களை வழங்கவல்லன. விடைகளோ துன்புறும் மனிதரிடமிருந்தே பெறப்படல் வேண்டும்.