கடமான் உலவிய எல்க் ஹில்

கணியூர்ப் பக்கத்தாருக்கு மலை என்றால் ஆனைமலையும் பழனிமலையுந்தான்; அமராவதிக்கு நீர் சுரக்கும் அந்தத் தெற்கத்தி மலைகளை விட்டு, வடமேற்கே வெகுதூரத்தில் நிற்கும் நீலகிரியோடு நாம் உறவு கொண்டாடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் கொங்குச் சமவெளியின் நிலவரித் தஸ்தாவேஜுகள் எந்தத் துரையின் கச்சேரிக்குச் சென்றனவோ, அதே துரையாகிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்தான் 1819-இல் நீலகிரியின்மேல் ஏறிப் பார்த்து, அதன் குளிர்ச்சியில் மயங்கி, சில ஆண்டுகளுக்குள் உதகமண்டலத்தில் தமக்கொரு கல் மாளிகையும் எழுப்பிக்கொண்டார். இடையில் சில காலம் மலையின் ஒரு பகுதி மலபார் ஜில்லாவுக்குப் போய்த் திரும்பியதைத் தவிர்த்தால், 1868-இல் நீலகிரிக்குத் தனிக் கமிஷனர் ஏற்படும் வரையில் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அது அடங்கியிருந்தது. ஆகையால் அங்குள்ள ஒரு குன்றின் பெயரைப் பற்றி விசாரிக்க நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

உதகையைச் சூழ்ந்து நிற்கும் உயரங்களில் 2637 மீட்டர் கொண்ட தொட்டபெட்டா உச்சிவரையில் வாகனங்களை வரவழைத்துக்கொண்டு பிரசித்தியடைந்திருக்க, 2466 மீட்டர் உயரமுள்ள எல்க் ஹில்லை நாடி ஏறுவோர் மிகச் சிலரே. சரிவின் கீழ்ப்பகுதியில் வீடுகள் நெருங்கிவிட்டன; அவற்றைக் கடந்தால் சுமார் 40 அடி உயரச் சிலையோடு முருகன் கோயில் கொண்டிருக்கிறான். மலைக்காற்றுக்குப் பழகாத சமவெளிக்காரன் அவ்வளவு தூரம் ஏறுவதற்குள் மூன்று நான்கு இடங்களில் நின்று, காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

எல்க் என்ற விலங்கு இம்மலையில் ஒருநாளும் இருந்ததில்லை. உள்ளங்கையை விரித்தாற்போன்ற தட்டைக் கொம்புகளோடு ஐரோப்பாவின் வடகோடியிலும், சைபீரியாவிலும், வட அமெரிக்காவிலும் பனியில் உலவும் பிராணி அது. இங்கே துரைமார் கண்டது, ஒவ்வொரு கொம்பும் மூன்று கிளையாகப் பிரியும் கடமான். தென்பாண்டியார் மிளா என்றும் கன்னடியர் கடவெ என்றும் வழங்குவது. இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே எல்க் சமவெளி என்றொரு இடம் இருப்பதற்கும் காரணம் இதே மான்தான். அந்தத் தீவில் நாய்களை ஏவி வேட்டையாடி 1854-இல் அதைப் பெரிய புத்தகமாக எழுதிய சாமுவேல் பேக்கரும் கடமானை எல்க் என்றே குறித்துச் சென்றார்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. காலடியைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய வேட்டைக்காரர்களுக்கு விலங்கில் சந்தேகம் இருந்திராது. பிரிட்டனில் எல்க் என்னும் பிராணி சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனபின்பும் பெயர் மட்டும் பாஷையில் எஞ்சி, எவரும் கண்ணால் காணாத ஏதோ ஒரு பெரிய மான் என்ற மங்கலான பொருளோடு வழங்கிவந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அதை வாபிட்டி என்ற வேறொரு மானுக்குச் சூட்டிவிட்டு, மெய்யான எல்க் எதிர்ப்பட்டபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளிடமிருந்து மூஸ் என்ற பெயரைக் கடன் வாங்க நேர்ந்தது. நீலகிரியிலோ அந்த அநாதைப் பெயர் கடமானின் தலையில் வந்து விழுந்தது.

அவர்கள் நாமகரணம் அத்தோடு நிற்கவில்லை. வரையாட்டை ஐபெக்ஸ் என்றார்கள். காட்டுமாட்டைப் பைசன் என்றார்கள். நரி வேட்டைக்கு ஆங்கில நரி அகப்படாதபோது, சிவப்புக் கோட்டும் குதிரையுமாகக் குள்ளநரியைத் துரத்தி அதே சம்பிரதாயத்தை நடத்தினார்கள். வேல்ஸ் தேசத்தில் 1085 மீட்டர் உயரமே உள்ள ஸ்னோடனின் பெயரை, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்த 2530 மீட்டர் நீலகிரிச் சிகரத்துக்கு வைத்தார்கள். 2022-இல் அந்த வேல்ஸ் மலையைப் பராமரிக்கும் பூங்கா நிர்வாகமே ஆங்கிலப் பெயரைக் கைவிட்டு வேல்ஷ் மொழிப் பெயரை ஏற்றுக்கொண்டது. உதகையின் ஸ்னோடன் இன்னும் ஸ்னோடனாகவே இருக்கிறது. பேதம் பாராமல் சொல்வதானால், ஒரு சிறு மானைக் கேளையாடு என்று ஆட்டுக்குலத்தில் சேர்த்த நாமும் இவ்விஷயத்தில் முற்றும் நிரபராதிகள் அல்ல. அதே மானைத் துரைமாரும் காட்டு ஆடு என்றது வேடிக்கையான ஒற்றுமை.

தொட்டபெட்டா என்பது பெரிய மலை என்று மட்டும் சொல்லி ஓய்ந்துவிடுகிறது. எல்க் ஹில்லோ, பிராணியின் பெயரில் தவறினாலும் அதன் இருப்பிடத்தில் தவறவில்லை: தேயிலையும், கற்பூர மரமும், சீகை மரமும், தெருக்களும் வந்து மூடுமுன், நகரத்தின் தோளாக நிற்கும் இக்குன்றில் பெரிய மான்கள் மேய்ந்தன என்பதற்கு அந்தப் பிழையான பெயரே சாட்சியாக நிற்கிறது. அதனால் இதைத் திருத்தியே தீரவேண்டும் என்று வாதிப்பவர்களோடு சேர எனக்கு மனம் வரவில்லை. கடமான் மலை என்று எழுதினால் பிராணி சரியாகும், பெயர் வந்த விருத்தாந்தம் போய்விடும். முருகனே ஆட்சேபிக்காமல், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்போர் நாவில் எல்க் ஹில் முருகனாகிவிட்டான்.