தாழ்வாரத்து இலைச்செடிகள்

கைப்பேசியில் தோட்டப் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, கோரல் பெல்ஸ் நம்ம ஊர்ல வருமா?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வராது. ஆசைப்படுவதில் தப்பில்லை. செம்பு நிறத்திலும் ஊதாவிலும் இலை, நிழலிலேயே வருஷக்கணக்கில் நிற்கும் செடி, யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கோரல் பெல்ஸ் எனப்படும் ஹியூக்கெரா வட அமெரிக்காவின் காடுகளிலும் பாறை இடுக்குகளிலும் பிறந்த இனம். பிரான்சின் நான்சி நகரத்து லெமுவான் குடும்பத்தார் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அதில் கலப்பினங்களை உருவாக்கித் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். நான்சியில் பனி விழும். புதுச்சேரியில் ராத்திரியிலும் வேர்க்கும், அடித்தண்டு அழுகிவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே எதை வளர்க்கப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-ல் அமைந்தது. நமக்கு அது பொம்மை ரயிலும் மலர்க் கண்காட்சியும். அன்று அது அயல்நாட்டுச் செடிகளை நம் மண்ணுக்குப் பழக்கும் இடம். 1834-ல் வந்து அதை வளர்த்தெடுத்த தாவரவியலாளர் பெரோத்தே சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இங்கு வருவதற்கு முன்பே, 1821-ல், மணிலாவிலிருந்து ஒரு மல்பெரி வகையைப் பிரான்சுக்குக் கொண்டுபோனவர். பட்டுப்புழுவுக்கு ஏற்ற அந்தச் செடிமேல் 1830-களில் அமெரிக்காவில் பித்துப்பிடித்து, பணத்தைக் கொட்டி நொடித்தவர்கள் பலர். பெரோத்தே நீலகிரி ஏறிச் செடிகள் சேகரித்தார். 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார். அந்தக் காலத்து அரசுத் தோட்டங்களின் கண்ணெல்லாம் பட்டு, அவுரி என்று காசு தரும் பயிர்மேல்தான்.

வண்ண இலையை ரசித்து வளர்த்தது வீடுகள். புதுச்சேரி வைசியாள் வீதியில் என் பெரியம்மா வீட்டு முற்றத்தில் உச்சி வெயில் நேராக இறங்கும்; தாழ்வாரத் தூண்களுக்குப் பின்னால்தான் நிழல். தொட்டிகளை அதற்கேற்ப வைத்திருந்தார். குரோட்டன்ஸ் வெளி விளிம்பில், ஏனென்றால் உள்ளே தள்ளினால் நிறம் மங்கி வெறும் பச்சையாகிவிடும். அடுத்து கோலியஸ். சுவரோரம் பெரணியும் காலடியமும். அரிசி கழுவிய தண்ணீர்தான் உரம்.

காலடியம் தென் அமெரிக்கச் செடி. அதையும் பிரெஞ்சுக்காரர் விடவில்லை: அல்ஃப்ரெட் ப்ளோ என்பவர் புதுப்புது வகைகளை உருவாக்கி 1867 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அது நம் வீட்டுக்குள் எந்த வழியாக வந்திருந்தாலும், இந்தப் புழுக்கம் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. மார்கழிக் குளிரில் மட்டும் இலை மடிந்து தொட்டி காலியாகிவிடும். செத்துப்போச்சு என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். பெரியம்மா தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவார். பங்குனியில் மேல்மண்ணை விரலால் கீறிப் பார்ப்பார். கிழங்கில் சிவப்பாக ஒரு குருத்து முட்டிக்கொண்டிருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருப்பவர்கள் கோரல் பெல்ஸை முயன்று பார்க்கட்டும். புதுச்சேரிக்காரர்கள் அந்தக் காசுக்குக் காலடியக் கிழங்கு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாக்கு அரித்து வீங்கும். மார்கழியில் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.