பள்ளி மாணவர் பரிமாற்றப் பயணம்

ஒரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வேறொரு நாட்டுக்குப் போய், சில வாரங்களோ ஓராண்டோ அங்குள்ள குடும்பத்தில் தங்கிப் படித்துவிட்டு, பின்னர் அந்நாட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து உபசரிப்பது பள்ளி மாணவர் பரிமாற்றப் பயணம் எனப்படும். கல்விச் சுற்றுலாவையும் இதே பெயரில் சொல்வதுண்டு. ஆனால் விடுதியில் தங்கி ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணத்தில் பரிமாற்றம் எதுவும் இல்லை.

முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து பிறந்த ஏஎஃப்எஸ் அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. 1951இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பல நாட்டுப் பதினோரு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைத்த சிஐஎஸ்வி முகாம் நடந்தது. போர் பார்த்த தலைமுறை, அடுத்த போரைத் தடுக்கப் பிள்ளைகளை நம்பியது. ரோட்டரி சங்கங்களும் 15 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு இத்தகைய திட்டத்தை நடத்துகின்றன.

ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் பரவலாகக் கற்பிக்கப்படும் புனேயில் இத்தகைய பயணத்தின் பயன் நன்றாகத் தெரியும். வகுப்பில் மூன்றாண்டு இலக்கணம் படித்த பிள்ளைக்குக்கூட, ஜெர்மன் வீட்டுச் சமையலறையில் "போதும்" என்று மரியாதையாகச் சொல்லத் தெரியாது. இரவில் சுடச்சுடச் சப்பாத்தி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையின் முன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சூடில்லாமல் வைக்கப்படும். அதுதான் அந்த வீட்டு இரவு உணவு, அதில் அலட்சியம் ஏதுமில்லை என்று புரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தப் புரிதலைப் பாடநூல் தராது.

பாதகங்களும் சிறியவை அல்ல. முதல் வாரத்து வீட்டு ஏக்கம் சில பிள்ளைகளை உண்ணவும் உறங்கவும் விடாது. தங்கப்போகும் குடும்பத்தை யார் விசாரித்தார்கள், இரவில் சிக்கல் வந்தால் பிள்ளை யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பெற்றோர் கேட்டறியாமல் அனுப்பக் கூடாது. ஓராண்டுப் பயணம் என்றால், திரும்பியதும் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை செலவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே வாய்க்கும் அனுபவமாக இது சுருங்கிவிடுகிறது. பிரிட்டனிலேயே தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அரசுப் பள்ளிகளில் பரிமாற்றம் மிகக் குறைவு.

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் ரஞ்சன்காவ், இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணெதிரே காட்டும் ஊர். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் ஒரு பக்கம், எல்ஜி போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை மறுபக்கம். வெளிநாடு ஊருக்குள் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் வெளியே போகத்தான் வழியில்லை. இந்த வட்டார அரசுப் பள்ளிகளை நடத்தும் புனே ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி), 2025இல் ஐயுகா வானியல் மையத்தின் துணையோடு தேர்வு நடத்தி, 50 மாணவர்களை இஸ்ரோவுக்கும் 25 பேரை அமெரிக்காவின் நாசாவுக்கும் அனுப்பத் தேர்ந்தெடுத்தது. இது ஒருவழிப் பயணம்தான், வீட்டில் தங்கும் பரிமாற்றம் அல்ல. ஆயினும் பணம் இருக்கிறதா என்று பாராமல் தகுதியை மட்டும் பார்த்துக் கிராமத்துப் பிள்ளையை விமானம் ஏற்றுவது பெரிய காரியம். மற்ற மாவட்டங்களும் செய்ய வேண்டியது.

விமானமே ஏறாத வழியும் உண்டு. சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரஞ்சித்சிங் டிசலே, பகை நாடுகளின் மாணவர்களை இணையம் வழியே பேசவைத்தார். 2020ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பரிமாற்றத்தின் மறுபாதியான வரவேற்பையும் ரஞ்சன்காவால் செய்ய முடியும். தன் நாட்டு நிறுவனமான எல்ஜியின் ஆலை நிற்கும் ஊரில் ஒரு கொரியச் சிறுமி இரண்டு வாரம் தங்கி, காலையில் மகாகணபதி கோயில் மணியோசை கேட்டு எழுந்து, அடுப்படியில் உட்கார்ந்து பாக்கரி ரொட்டி தட்டப் பழகலாம். அதற்குத் தேவை ஓர் அறையும், அவளை மகள்போல் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பமும்தான்.