கொடுமணல்: உருக்கு வடித்த ஊர்



சரித்திரம் என்றாலே ராஜா, யுத்தம், வருஷம் என்று மனப்பாடம் பண்ணிய கூட்டம் நாம். கொல்லனுக்கு அந்தப் பாடத்தில் இடமே கிடையாது. அவனைத் தேடிப் போக ஓர் ஊர் இருக்கிறது.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் சொல்லும் ‘கொடுமணம்’ இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வில் இறங்கியது. பேராசிரியர் கா. ராஜன் இங்கே பல பருவங்கள் உழைத்தவர். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், செய்து முடிக்காத கல்மணிகளும் கிடைத்தன.

அவற்றோடு இரும்பு உலைகளும், கசடும், மூசைகளும் வெளிப்பட்டன. மூசை என்பது சூடு தாங்கும் சின்ன மண்குப்பி. இரும்பையும் கரிப்பொருளையும் அதற்குள் வைத்து மூடி, உலையில் ஏற்றினால் இரும்பு கரியை உறிஞ்சி உருக்காக மாறும். சங்க காலத்திலேயே அந்த வித்தை நம் கொல்லர்களுக்குக் கைவந்திருக்கிறது!

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை மாதிரிகளைக் கொண்டு தமிழகத்தில் இரும்பின் பழமையை கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோனது. சிவகளை காலத்தைச் சொல்கிறது. கொடுமணலோ வேலை நடந்த விதத்தைச் சொல்கிறது.

சரி, போனால் என்ன பார்க்கலாம்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம். கண்ணில் படுவது வயல்காடு, கல்வட்டங்கள், ஆள் உயரத்தையும் தாண்டிய நெடுங்கல். நான் போனபோது ஒரு பெரியவர், “மணி பொறுக்க வந்தீங்களா, இல்ல பார்க்க வந்தீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆளுக்கொரு மணியும் ஓடும் பையில் போட்டுக்கொண்டு வந்தால், மண்ணுக்கு மேலே மிஞ்சியிருக்கும் சாட்சியும் போய்விடும்.

ஆகவே சுற்றுலா வரட்டும். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாகி, நாலு காசு பார்க்கும்படி வரட்டும். அப்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஊரே காவல் நிற்கும்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு பஸ் பிடிப்போமா, நண்பர்களே? வெறும் கையோடு போவோம். வெறும் கையோடு திரும்புவோம். நெஞ்சு மட்டும் நிறைந்திருக்கும்.