பாயிரம்

பாயிரம் என்பது, ஒரு நூல் தன் பொருளைச் சொல்லத் தொடங்குவதற்கு முன் நின்று, அதனைச் செய்தவர் யார், எதைப் பற்றிச் செய்தார், யார் கேட்கச் செய்தார் என்பன போன்ற செய்திகளைத் தெரிவிக்கும் பகுதிக்குத் தமிழ் இலக்கண மரபு இட்ட பெயராகும். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இதற்கு வேறு ஏழு பெயர்களைக் கூறுகிறது. நூலுக்கு முன் உரைக்கப்படுவதால் முகவுரை. நூலுக்கு முகம் போல்வதால் நூன்முகம். பலவகைச் செய்திகளையும் தொகுத்துச் சொல்வதால் பதிகம். நூலின் பெருமை விளங்க அலங்கரித்துச் சொல்வதால் அணிந்துரை, புனைந்துரை. நூல் நுவலாதவற்றை அதன் புறத்தே நின்று சொல்வதால் புறவுரை. அவற்றைக் கொணர்ந்து தந்து சொல்வதால் தந்துரை என்று உரையாசிரியர்கள் இவற்றுக்கு விளக்கம் தருவர். இவற்றுள் முகவுரையும் அணிந்துரையும் இன்றும் வழக்கில் உள்ளன. தந்துரையும் புறவுரையும் இலக்கண நூலை விட்டு வெளியே வரவே இல்லை எனலாம்.

பாயிரம் பொது, சிறப்பு என இரு வகைப்படும். எல்லா நூல்களுக்கும் பொருந்துவது பொதுப்பாயிரம்; அது நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணவரின் இயல்பு, கற்கும் முறை என்னும் ஐந்தைப் பற்றியது. நன்னூலின் இப்பகுதியில்தான் மாணவரைத் தரம் பிரிக்கும் புகழ்பெற்ற உவமைகள் உள்ளன. தலைமாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவையும் காட்டப்படுகின்றன. நெய்யை வழியவிட்டுக் கசடை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடையே நெய்யரி. நல்லதைக் கைவிட்டு அல்லதைப் பற்றுபவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

ஒரு நூலுக்கே உரியது சிறப்புப்பாயிரம். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றும் சேர்ந்து பதினொரு செய்திகளை அது தரவேண்டும் என்பர். ‘களம்’ என்பது நூல் அரங்கேறிய அவையைக் குறிக்கும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் பதினைந்தே அடிகளில் அமைந்தது. அதற்குள் வடவேங்கடம் முதல் தென்குமரி வரையிலான எல்லையும், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையும், அங்கே அதங்கோட்டாசிரியர் கேட்க அரங்கேறிய செய்தியும், ஐந்திரம் என்னும் இலக்கணத்தில் ஆசிரியருக்கு இருந்த தேர்ச்சியும் அடங்கிவிடுகின்றன. அந்தப் பதினைந்து அடிகளுக்கு விரிவான விருத்தியுரை எழுதவும் மறுத்து எழுதவும் 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவரும், பின்னர் அரசஞ் சண்முகனாரும் முற்பட்டனர்.

சிறப்புப்பாயிரத்தை யார் எழுதலாம் என்பதிலும் இலக்கணம் கறாரானது. ஆசிரியரின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோருள் ஒருவரே அதற்கு உரியவர். பனம்பாரனார் தொல்காப்பியருடன் பயின்றவர் என்பது மரபு. எத்துணைத் துறைகளில் வல்லவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பதே இந்த விதிக்குக் காரணம். எனினும் அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் திறம் அறியாதாரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி பழித்த வேளையிலும் புலவருக்கு அது பொருந்தும் என நன்னூல் விலக்குத் தருகிறது. நூலாசிரியரே பாடும் தற்சிறப்புப்பாயிரம் கடவுள் வணக்கத்தோடும் நூல் நுவலும் பொருளோடும் நின்றுவிடும். பெருநூல் பாடுவோர் அதனுடன் அவையடக்கமும் சேர்ப்பர். பாற்கடல் முழுவதையும் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்வது இவ்வகையது. திருக்குறளின் முதல் நான்கு அதிகாரங்களைப் பாயிரம் என்பது வழக்கம்; அவற்றுள் முதல் மூன்றும் வள்ளுவர் வாக்கல்ல என வ.உ.சிதம்பரனார் கருதினார்.

பதிகம் என்னும் சொல் ஒரே நிலையில் நிற்கவில்லை. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் அது முன்னே நிற்கிறது. பதிற்றுப்பத்திலோ ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் நின்று, சேர மன்னனின் குடி, செயல்கள், பாடிய புலவர், பெற்ற பரிசில், ஆட்சியாண்டு ஆகியவற்றைச் சொல்கிறது. தேவாரத்தில் பெரும்பாலும் பத்து அல்லது பதினொரு பாடல் கொண்ட தொகுதியே பதிகம். சேரர் வரலாற்றை எழுதுவோர் பாட்டைவிடப் பிற்பட்ட பதிற்றுப்பத்துப் பதிகங்களையே பெரிதும் நாடவேண்டியிருப்பது ஒரு முரண். முச்சங்க வரலாறும் இத்தகையதே: இறையனார் களவியலுரை, காலம், களம், காரணம் என்னும் பாயிரச் செய்திகளை விளக்கப் புகுந்த இடத்தில்தான் அது விரிவாகக் கிடைக்கிறது.

பாயிரத்தை ஒத்தவை பிற மரபுகளிலும் உண்டு. வைணவ மரபில் பிரபந்தத்தின் முன் ஓதப்படும் தனிப்பாடலைத் தனியன் என்றும், வியாக்கியானத்தில் பாசுரத்துக்கு முன் வரும் அறிமுகத்தை அவதாரிகை என்றும் வழங்குவர். வில்லுப்பாட்டில் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம் எல்லாம் முடிந்த பிறகே கதை தொடங்கும்.

அச்சுக்காலத்தில் சிறப்புப்பாயிரம் சாற்றுகவியாகப் பெருகி, சில நூல்களில் பல பக்கங்களை அடைத்தது. மறுபுறம் உரைநடை முன்னுரையும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில், ஏடுகள் எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்க்கையில் ஒடிவதையும் பதிவுசெய்தார். இன்று நூலாசிரியர் எழுதுவது முன்னுரை அல்லது என்னுரை, பிறர் எழுதுவது அணிந்துரை, பதிப்பகத்தார் எழுதுவது பதிப்புரை என்னும் பாகுபாடு ஏறத்தாழ நிலைபெற்றுள்ளது. அணிந்துரை பிறர் கையிலேயே நிற்பதைப் பழைய விதியின் எச்சம் எனலாம். தகுதி பற்றிய நிபந்தனை மட்டும் தளர்ந்துவிட்டது.

நூலைவிடப் பாயிரம் புகழ்பெற்றதற்குச் சான்று 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம். அந்நாடகத்தைப் படித்தோர் சிலரே; அதன் பாயிரத்தில் உள்ள தமிழ்த்தெய்வ வணக்கமோ, சில அடிகள் நீக்கப்பட்டு, 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அரசு விழாக்களில் பாடப்பட்டு, 2021-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது.

பேச்சுவழக்கில் பாயிரம் இல்லை. அவ்விடத்தில் இருப்பது பீடிகை. கடன் கேட்க வந்தவர் ஊர் நலம், மழை, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றி வரும்போது, “பீடிகை பலமாக இருக்கிறதே” என்று வீட்டுக்காரர் சொல்வது அச்சொல்லின் வழக்கமான ஆட்சி.