தேசிகாச்சார் யோக முறை

உடலை வருத்தாமல், மூச்சின் ஓட்டத்தை ஒட்டி ஆசனங்களைச் செய்யும் பயிற்சி. இதைப் பரப்பிய டி. கே. வி. தேசிகாச்சார் (1938–2016) பொறியியல் படித்தவர். பிறந்தது ஜூன் 21. பின்னாளில் அதே தேதி சர்வதேச யோகா தினமானது தற்செயல்தான்.

அவருடைய குரு, தந்தை திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). மைசூர் அரண்மனையின் ஆதரவில் அவர் இளைஞர்களுக்குக் கற்பித்தது வியர்வை சொட்டும் பயிற்சி. யோக ஆசிரியர்கள் பட்டாபி ஜோய்ஸ், பி. கே. எஸ். ஐயங்கார் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். பின்னாளில் சென்னையில் மகனுக்குக் கிடைத்ததோ ஆளுக்கேற்ற பாடம்.

இந்த முறையில், கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே, குனியும்போது வெளியே. அசைவுக்குச் சற்று முன்பே மூச்சு தொடங்க வேண்டும். அசைவு நின்ற பிறகே அது முடிய வேண்டும். மூச்சு தடுமாறினால் முயற்சி மிஞ்சிவிட்டது என்று கணக்கு. முழங்காலைச் சற்று மடக்கிக் குனிவது இங்கே குறையல்ல. முதியவர்கள் நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாம். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே ஆசனத்தில் உறுதியோடு சுகத்தையும் கேட்டவர், முயற்சியைத் தளர்த்தச் சொன்னவர். உடலை முறுக்கிப் படமெடுத்துப் போடும் இன்றைய மோகத்தில் இது மறந்துபோயிற்று.

தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்ற நிறுவனத்தை நிறுவினார். தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி இவரிடம் பயின்றார். ஐயங்காரிடமும் தேசிகாச்சாரிடமும் கற்ற இத்தாலியப் பெண்மணி வாண்டா ஸ்கரவெல்லி, புவியீர்ப்புக்கு உடலை ஒப்புக்கொடுத்து முதுகெலும்பை நீளவிடும் தனி வழி ஒன்றை வகுத்து, 1991இல் நூலாக வெளியிட்டார்.