ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986): மேடை உடையும் தறியும்

ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியத்தைக் கோயில், சபை வட்டங்களிலிருந்து நவீன மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் என்று நூல்கள் பதிவு செய்கின்றன. அவர் வாழ்வில் துணிக்கு இருந்த இடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஓர் அரங்கேற்றத்துக்குப் போனால், மேடையேறும் பெண் மடிப்பு வைத்துத் தைத்த உடையில்தான் வருகிறாள். அந்த உடை 1930களின் நடுவில் ருக்மிணி தேவி தொடங்கிவைத்த மாற்றத்தின் வழி வந்தது. பட்டுக் கடைகளில் ‘கலாக்ஷேத்திரா சேலை’ என்று எடுத்துப் போடும் அகலக் கரைச் சேலைக்கும் அவர் வைத்த தறிதான் மூலம். உடை வடிவமைப்பு ஒரு தொழிலாகவே எண்ணப்படாத காலத்தில் அதைத் தம் வாழ்நாள் வேலைகளுள் ஒன்றாக ஏற்றவர் அவர். அதற்காக எதிர்த்து நின்றது ஓரிடத்தில் மட்டுமல்ல.

பிறப்பு மதுரை, 1904 பிப்ரவரி 29. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வு பெற்றதும் குடும்பத்தை அடையாற்றில் சபையின் அருகே குடியமர்த்தினார். அன்னி பெசன்டைச் சுற்றி உலகின் பல நாட்டவரும் கூடியிருந்த இடம் அது. அங்கேதான் ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி சந்தித்தார். இங்கிலாந்துக்காரரான அருண்டேல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி முதல்வராக இருந்தவர். சுயாட்சி இயக்கத்துக்காக 1917இல் பெசன்டுடன் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். 1920இல் இருவரும் பம்பாயில் மணந்துகொண்டனர். மணமகளுக்கு 16 வயது. மணமகன் 25 ஆண்டு மூத்தவர், வெள்ளையர். சென்னைப் பிராமணச் சமூகம் கொதித்தது, பத்திரிகைகள் சாடின. ருக்மிணி அசைந்து கொடுக்கவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சாத அந்த மனத்தைப் பிறகு மேடையிலும் பார்க்கிறோம்.

திருமணத்துக்குப் பின் கணவருடன் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை லண்டனில் பார்த்தார். 1920களின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் அவரோடு நட்பானார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்கு பாலே கற்றுக்கொடுத்தார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா தூண்டியது அடிக்கடி சொல்லப்படும் செய்தி. பாலே உலகம் அவருக்குக் கற்பித்த இன்னொன்றைச் சொல்பவர்கள் குறைவு. அங்கே உடையும் ஒளியும் திரைச்சீலையும் ஆட்டத்தோடு சேர்த்தே திட்டமிடப்படும். ஆடுபவர் வீட்டில் இருக்கும் நல்ல துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவதில்லை.

1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில், பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான தேவதாசியரின் சதிர் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தது அவரைத் திருப்பிப் போட்டது. தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். சதிர் என்றாலே முகம் சுளித்தவர்கள் ஒரு பக்கம், அதைக் காக்க வாதாடிய ஈ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் இன்னொரு பக்கம். ருக்மிணி நேராக ஆசிரியர்களைத் தேடிப் போனார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டார். 1935 டிசம்பர் இறுதியில், பிரம்மஞான சபையின் வைர விழாவின்போது அடையாற்றில் ஆடினார். தேவதாசிக் குடும்பத்தில் பிறக்காத பெண், அதுவும் சாஸ்திரி வீட்டுப் பெண், சதங்கை கட்டி ஆடியதை நாடே பேசியது. அடுத்த மாதமே கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் கலாக்ஷேத்திரம் என்ற பெயர் பெற்றது.

அந்த 1935 மேடையில் பார்வையாளர் கண்ணில் முதலில் பட்டது உடைதான். அதற்கு முந்தைய சதிர் ஆட்டக்காரிகளின் புகைப்படங்கள் பல கிடைக்கின்றன. தளர்ந்த கால்சட்டை மேல் கனத்த ஜரிகைச் சேலை, இடுப்பைச் சுற்றித் திரளாக மடிப்புகள், கை வைத்த ரவிக்கை, தோள் வழியே போட்ட தாவணி, உடம்பு கொள்ளாத நகை. பார்க்கக் கம்பீரமாகவே இருக்கிறது. ஆனால் முட்டிகளை இருபுறமும் விரித்து அரைமண்டியில் உட்காரும்போது முட்டி எந்தக் கோணத்தில் விரிகிறது, இடுப்பு எங்கே வளைகிறது என்பதைத் துணி மூடிவிடுகிறது. ருக்மிணி கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்தார். உடம்போடு ஒட்டிய ஆடையும், காலிடையே விழும் கொசுவமும் அங்கே கல்லிலும் உலோகத்திலும் தெளிவாக இருந்தன. சிற்பத்தின் ஆடையைத் துணியில் தைக்க அவருக்கு உதவியவர் அடையாற்றில் வாழ்ந்த மேடம் காசான் என்னும் இத்தாலியத் தையற்கலைஞர்.

முழுச் சேலை ஒன்றை வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் தனித் துண்டாகத் தைத்து முடிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. காலுக்குப் பைஜாமா, இரு காலுக்கும் நடுவே நெருக்க மடித்த விசிறி, பின்புறம் இடுப்புத் துணி, மார்பின் குறுக்கே மேலாக்கு, ரவிக்கை. விசிறியின் அமைப்பில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. சேலையில் கிடைமட்டமாக ஓடும் ஜரிகைக் கரையை வெட்டித் திருப்பி மடிப்பின் ஓரத்தில் பொருத்துகிறார்கள். பெண் நேராக நிற்கும்போது மடிப்பு மூடிக்கொண்டு ஒற்றைக் கோடாகத் தெரியும். அரைமண்டியில் உட்கார்ந்ததும் விரிந்து, கரைகள் அரைவட்டமாக அடுக்கடுக்காய்த் திறக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆடுபவரின் தவறை உடையே காட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். இன்று விசிறியில் பல வகைகள் வந்துவிட்டன. சேலை போலவே தோன்றும் தைத்த உடைகளும் உண்டு. சென்னைத் தையற்காரர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த நுணுக்கங்கள் அவை. வழி திறந்தது அடையாற்றில்.

மேடையையும் அவர் மாற்றினார். ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடியே நகர்ந்து வாசித்த பக்கவாத்தியக் குழு ஓர் ஓரமாக அமர்ந்தது. பின்னணித் திரை எளிமையானது. ஒளியமைப்பை அலெக்ஸ் எல்மோர் கவனித்தார். கண்ணைப் பறித்த ஜரிகைக் குவியல் குறைந்து, நிறத்துக்கு நிறம் பொருந்த உடை தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. அதைச் சிறிதாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைச் சுமந்த குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டபோது, அதே கலை மேல்சாதி வீடுகளுக்கு மரியாதையோடு குடிபோனது. 1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கலையைச் ‘சுத்தப்படுத்துகிறேன்’ என்ற பேச்சு, அதுவரை அதை வளர்த்தவர்கள் அசுத்தமானவர்கள் என்ற பொருளையும் சேர்த்தே கொண்டுவந்தது. தஞ்சாவூர் மரபில் வந்த டி. பாலசரஸ்வதி காதல் சுவையான சிருங்காரத்தைக் குறைக்கும் போக்கை வெளிப்படையாகவே மறுத்தார். தைத்த உடைக்கு மாறாமல் சேலை கட்டியே ஆடினார். அந்தச் சேலையும் ஒரு வாதம்தான். ருக்மிணியின் வடிவமைப்பை வியக்கும் நான் பாலசரஸ்வதியின் மறுப்பையும் அதே வியப்போடுதான் பார்க்கிறேன்.

நாடக உடைகளுக்கு நல்ல துணி கிடைக்காததுதான் ருக்மிணியைத் தறிக்கு இழுத்தது. அந்நாளில் ஆலைத் துணியும் ரசாயனச் சாயமும் சந்தையை நிறைத்திருந்தன. நெசவாளர்கள் பழைய கரைகளையும் கட்டங்களையும் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1937இல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கூடம் தொடங்கியது. வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழைய சேலைகளின் கரைகளும் நிறங்களும் அங்கே மறுபடி தறியேறின. மயில்கண், ருத்ராட்சம், கோபுரக் கரை என்று பாட்டிமார் வாயில் மட்டும் மிஞ்சியிருந்த பெயர்கள் துணியாயின. பட்டோடு பருத்தியும் நெய்தார்கள். மேடைக்காகத் தொடங்கிய வேலை, பெண்கள் அன்றாடம் உடுத்தும் சேலையையும் மாற்றியது.

கலாக்ஷேத்திரா சேலையின் அடையாளம் அகலக் கரை, உடலுக்கும் கரைக்கும் முற்றிலும் வேறான நிறம். கோர்வை என்னும் முறையில்தான் அது வரும். உடலுக்கு ஓர் ஊடை, இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை என மூன்று நாடாக்கள் ஓடும். உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு இழையிலும் இரு நிற நூல்களும் ஒன்றையொன்று கவ்வித் திரும்ப வேண்டும். ஒருவர் தனியாக நெய்ய முடியாது. தறியின் ஒரு பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். முந்தி வேறு நிறமென்றால் பாவு நூலையே மாற்றி, பழைய நூலோடு புதியதை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் பேட்னி வேலையும் சேரும். இணைத்த இடத்தைத் தடவினால் விரலில் ஒரு திண்டு தட்டுப்படும். உழைப்பு அதிகம், கூலி குறைவு என்பதால் கோர்வைக்கு ஆள் கிடைப்பது அருகிக்கொண்டே வருகிறது. கடைகளில் ‘கலாக்ஷேத்திரா’ என்ற பெயரில் விற்பதில் பல, கோர்வையே இல்லாமல் அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை.

உலக அளவில் இவரோடு சேர்த்துப் பார்க்கத் தக்கவர் இங்கிலாந்தின் விவியன் வெஸ்ட்வுட் (1941–2022). பள்ளி ஆசிரியையாக இருந்து, 1971இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மக்லாரனுடன் கடை திறந்து, கிழிந்த சட்டையும் ஊசியும் சங்கிலியுமாகப் பங்க் இளைஞர்களின் கோபத்துக்கு உருவம் கொடுத்தவர். வெளித்தோற்றத்தில் இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் வெஸ்ட்வுட் பங்க் முடிந்ததும் போன இடம் பழைய ஓவியங்களும் அருங்காட்சியக ஆடைகளும். 18ஆம் நூற்றாண்டின் இறுக்குக் கச்சையை எடுத்து மேலாடையாக்கினார். 1987இல் ஸ்காட்லாந்துத் தீவுகளின் கைத்தறிக் கம்பளித் துணியான ஹாரிஸ் ட்வீடின் பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டு, நலிந்துவந்த நெசவுக்குக் கவனம் தேடித் தந்தார். தம் காலத்தை எதிர்க்க முன்னோர் பெட்டியைத் திறப்பது, திறந்ததும் கைத்தறிக்காரரிடம் போய் நிற்பது: இந்த இரண்டும் அடையாற்றில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டன.

உடை கதை சொல்லும் என்பது ஸ்ரீரங்கத்தாருக்குப் புதிய செய்தி அல்ல. மார்கழி அத்யயன உற்சவத்தில் கோயிலின் பாசுரக் கலைஞர்களான அரையர்கள் உயர்ந்த குல்லாய் தரித்து, தாளம் ஏந்திப் பாசுரங்களை இசைத்து அபிநயிக்கிறார்கள். அந்தக் குல்லாய் தலையேறியதும் அரையர் வேறு ஆளாகிவிடுகிறார். உற்சவத்தின் முதல் பத்து நாளான பகல்பத்தின் நிறைவு நாளில் உற்சவர் நம்பெருமாள் மோகினியாக நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். மறுநாள் வைகுண்ட ஏகாதசிக்கு ரத்தினங்கி. அவர்மேல் காதல் கொண்ட சுல்தான் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு அவர் லுங்கி உடுத்தும் வழக்கமும் இங்கே உண்டு. ருக்மிணி தேவி உருவாக்கிய நாட்டிய நாடகங்களுள் ஒன்று ஆண்டாள் சரித்திரம். வில்லிபுத்தூரில் தொடங்கி அரங்கனிடம் முடியும் அந்தக் கதைக்கு உடை அமைப்பவருக்கு, நாச்சியார் கோலத்தை இத்தனை வகையாகக் காட்டும் ஊர் பெரிய பாடநூல். குற்றாலக் குறவஞ்சி (1944), குமார சம்பவம் (1947), 1955இல் தொடங்கி 1970இல் நிறைந்த ஆறு பகுதி இராமாயணம் ஆகியவற்றில் ஒவ்வொரு பாத்திரத்தின் துணி நிறத்தையும் நகையையும் அவர் தாமே தீர்மானித்தார்.

திருச்சியில் 1977இல் கிறித்தவ அருட்தந்தையர் முயற்சியால் உருவான கலைக் காவிரி, பரதத்தில் விவிலியக் கதைகளையும் ஆடிவருகிறது. அங்கும் மாணவியர் அணிவது விசிறி மடித்த உடைதான். காவிரியின் வடகரையில் அரையர் குல்லாயும் தென்கரையில் விசிறி மடிப்பில் மரியாளும் ஒரே காலத்தில் ஆடும் இந்த வட்டாரம், உடை ஒரு சமயத்துக்கோ சாதிக்கோ கட்டுப்பட்டதல்ல என்பதற்கு நல்ல சான்று. கோயிலோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்ட ஆட்டத்துக்குப் பொதுவானதொரு உடை கிடைத்ததால் இது எளிதாயிற்று என்பது என் கருத்து.

1945இல் அருண்டேல் மறைந்தார். பிரம்மஞான சபையோடு விலகல் ஏற்பட்டுக் கலாக்ஷேத்திரம் படிப்படியாகத் திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய புதிய வளாகத்துக்குப் பெயர்ந்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி, விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவரே தலைவர். புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டோடு இந்தப் பரிவு மோதுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டே வேண்டாம் என்று சொல்லிவந்த காலமும் அதுவே. நியாயமான கேள்வி, கலாக்ஷேத்திரத் தறியில் பருத்திக்கு இருந்த இடத்தை நினைத்தாலும் முழுமையாகத் தீராத கேள்வி.

1956இல் பத்மபூஷண், 1967இல் சங்கீத நாடக அகாதெமி உறுப்பாண்மை பெற்றார். 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்வைத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டம் அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. நடனப் பள்ளியோடு நெசவுக்கூடமும் அதன் கீழ் வந்தது.